சத்து மக்காச்சோளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதைக் கடை, தீவன ஆலை, வேளாண் கல்லூரி விடுதி என்று எங்கே மக்காச்சோளப் பேச்சை எடுத்தாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

சத்து மக்காச்சோளம்னு தனியா சொல்றாங்களே, அப்போ நாம போடுற சோளத்துல சத்தே இல்லையா?

இருக்கிறது. மாவுச்சத்து தாராளம், புரதம் நூற்றுக்கு 9, 10 வரை, கொஞ்சம் எண்ணெயும் உண்டு. குறை புரதத்தின் அளவில் இல்லை, தரத்தில். நம் உடம்பு தானாகத் தயாரித்துக்கொள்ள முடியாத அமினோ அமிலங்களில் லைசின், டிரிப்டோபேன் என்ற இரண்டும் மக்காச்சோளத்தில் ரொம்பக் குறைவு. காரணம், மணியில் சேமித்து வைக்கப்படும் புரதத்தில் பெரும்பகுதி ஸெயின் என்கிற வகை, அந்த ஸெயினில் லைசின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

பருப்பு, முட்டை, பால் எல்லாம் கலந்து சாப்பிடுகிறவருக்கு இது பெரிய விஷயமே இல்லை. மூன்று வேளையும் மக்காச்சோளத்தையே நம்பி இருக்கிறவர்களுக்குத்தான் சிக்கல். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சத்துக்குறையால் வரும் பெல்லாக்ரா நோய் ஏழைகளை வாட்டி எடுத்ததற்குக் காரணம் இந்த மாதிரிச் சாப்பாடுதான். இன்னொரு குறை வைட்டமின் ஏ. அதற்குக் கீழே தனியாக வருகிறேன். இந்தக் குறைகளைச் சரிசெய்ய வளர்த்தெடுத்த ரகங்களைத்தான் சத்து மக்காச்சோளம் என்கிறோம்.

அப்போ இந்தப் புது ரகத்துல புரதம் எத்தனை சதவீதம் கூடுது?

கூடுவதில்லை. இதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மொத்தப் புரதம் அதே 9, 10-தான். அந்தப் புரதத்துக்குள் லைசின் பங்கு 1.5–2 சதவீதத்திலிருந்து 3, 4 சதவீதம் வரையும், டிரிப்டோபேன் 0.3–0.4-லிருந்து 0.7, 0.9 வரையும் ஏறுகிறது. தரமான புரத மக்காச்சோளம் என்பார்கள், துறையில் இருப்பவர்கள் க்யூபிஎம் என்று சுருக்கிவிடுவார்கள்.

மொத்தப் புரதத்தைக் கூட்டிப் பார்த்தவர்களும் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1896-இல் 163 கதிர்களை வைத்துத் தொடங்கிய தேர்வு நூறு தலைமுறைக்கு மேல் ஓடியது, புரதம் 11-லிருந்து 30 சதவீதத்துக்கு மேல் போனது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏறியதில் பெரும்பகுதி அதே ஸெயின், அதோடு மகசூலும் படுத்துவிட்டது.

இது மரபணு மாற்றுப் பயிர்தானே? நேரா சொல்லுங்க.

இல்லை. ஒபேக்-2 என்ற இயற்கையான மரபணுத் திரிபு ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் மூலம். அந்த மாதிரி மங்கலான மணிகளை அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1920-களிலேயே பார்த்திருக்கிறார்கள், ஆனால் அதில் என்ன விசேஷம் என்று யாருக்கும் தெரியவில்லை. பர்டியூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸ், லின் பேட்ஸ், ஆலிவர் நெல்சன் மூவரும் அந்த மணியைச் சோதித்து, லைசின் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருப்பதை 1964-இல் வெளியிட்டார்கள். ஸெயின் உற்பத்தியை முடுக்கிவிடும் ஒரு மரபணு இந்தத் திரிபில் வேலை செய்வதில்லை. அதனால் ஸெயின் குறைகிறது, அந்த இடத்தை லைசின் உள்ள மற்ற புரதங்கள் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

அதிலிருந்து இன்றுவரை வந்த இந்திய ரகங்கள் எல்லாம் மகரந்தம் தூவி, பையைக் கட்டி, தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. லைசின் கூடிய மரபணு மாற்று மக்காச்சோளம் என்று ஒன்றை அமெரிக்கத் தனியார் நிறுவனம் தனியாக உருவாக்கியது உண்மை. அது வேறு கதை, நம் ரகங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

1964-லயே கண்டுபிடிச்சாச்சுன்னா இவ்வளவு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தாங்க?

நியாயமான கேள்வி. அவசரப்பட்டார்கள், அடிபட்டார்கள். இந்தியாவில் 1971-லேயே சக்தி, ரத்தன், புரோட்டினா என்று மூன்று ஒபேக்-2 கூட்டு ரகங்களை (பல வகைகளைக் கலந்து உருவாக்கி, அறுத்ததையே விதையாக எடுத்து வைக்கக் கூடியவை) வெளியிட்டுவிட்டார்கள். ஆய்வகத்தில் எல்லாம் பிரமாதம். வயலில் மணி சுண்ணாம்புக் கட்டி மாதிரி மங்கலாக, மாவாக, எடை இல்லாமல் வந்தது. ஈரம் சீக்கிரம் காயவில்லை, கதிர் அழுகியது, கிட்டங்கியில் கூன்வண்டு முதலில் அதைத்தான் தேடிப் போனது, மகசூலும் குறைவு. விவசாயி ஒரு போகம் பார்த்தார், விட்டுவிட்டார். உலகம் முழுக்க இதே கதைதான், பெரும்பாலான இடங்களில் திட்டத்தையே மூட்டை கட்டிவிட்டார்கள்.

மெக்ஸிகோவில் உள்ள சிமிட் என்ற பன்னாட்டு ஆய்வு மையம் விடவில்லை. அங்கே சுரிந்தர் வசல் என்ற இந்திய வளர்ப்பாளரும் எவாஞ்சலினா வில்லேகாஸ் என்ற உயிர்வேதியியலாளரும் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள்: ஒபேக்-2 கதிரிலேயே சில மணிகளில் அங்கங்கே கண்ணாடி மாதிரிக் கெட்டிப் பகுதி தென்பட்டது. அதை உண்டாக்குபவை மாற்றி மரபணுக்கள். ஒன்றிரண்டு இல்லை, சின்னச் சின்னதாக நிறைய. வசல் கெட்டி மணிகளாகப் பொறுக்கிக் கொடுப்பார், லைசினும் டிரிப்டோபேனும் குறையாமல் இருக்கிறதா என்று வில்லேகாஸின் ஆய்வகம் சோதித்துச் சொல்லும், தேறியதை மட்டும் அடுத்த தலைமுறைக்கு எடுப்பார்கள். வருடக்கணக்கில் இப்படியே ஓடி, பார்வைக்குச் சாதா மணி மாதிரியே இருக்கிற, உள்ளே புரதம் மாறிய மக்காச்சோளம் வந்தது. 2000-இல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் மெர்ட்ஸின் கண்டுபிடிப்பைவிட இந்தப் பொறுக்கல் வேலைதான் பெரிது.

எந்த ரகம்னு பேர் சொல்லுங்க, வெறும் கதை வேண்டாம்.

சரி. இந்தியாவின் முதல் க்யூபிஎம் ஒட்டு ரகம் 2001-இல் பீகாரிலிருந்து வந்த சக்திமான்-1, வெள்ளை மணி. மஞ்சள் மணியில் முதல் தனி ஒட்டு ரகம் (இரண்டே பெற்றோரைச் சேர்த்து உருவாக்குவது) ஹரியானாவின் எச்க்யூபிஎம்-1, 2005. அதன் பிறகு எச்க்யூபிஎம்-5, 7. அல்மோரா மலை ஆய்வு நிலையத்தின் விவேக் க்யூபிஎம் 9 வந்தது 2008-இல்.

நம் பக்கத்துக்குப் பொருந்துவதாகப் பரிந்துரைக்கப்பட்டவற்றில் இரண்டைச் சொல்கிறேன், இரண்டும் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2017-இல் கொடுத்தவை. பூசா எச்எம்8 இம்ப்ரூவ்ட்: லைசின் 4.18, டிரிப்டோபேன் 1.06 சதவீதம், எக்டருக்கு 6.3 டன், அதாவது ஏக்கருக்கு இரண்டரை டன், 95 நாள். பூசா விவேக் க்யூபிஎம்9 இம்ப்ரூவ்ட்: புரதத்தோடு வைட்டமின் ஏ-வும் சேர்ந்தது, நம் தென் மண்டலத்தில் எக்டருக்கு 5.92 டன், 83 நாளில் அறுவடை. இவை சோதனை வயல் சராசரி, உங்கள் மானாவாரிக் கரிசலில் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மார்க்கர் வெச்சு சீக்கிரம் பண்ணிடறாங்கன்னு கேள்விப்பட்டேன், அது என்ன மார்க்கர்?

நன்றாக விளையும் ஒட்டு ரகம் ஒன்று கையில் இருக்கிறது, அதில் புரதத் தரத்தை மட்டும் மாற்ற வேண்டும். வீட்டை இடிக்காமல் ஒரு கதவை மட்டும் மாற்றுகிற வேலை. அதற்கு அந்த ரகத்தின் பெற்றோரை ஒபேக்-2 உள்ள செடியோடு சேர்த்து, பிறந்ததை மறுபடி மறுபடி அதே பெற்றோருடன் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பழைய பெற்றோரின் பங்கு 75, 87.5 சதவீதம் என்று ஏறும். பழைய முறையில் இதற்கு ஆறு சுற்று வரை போவார்கள். ஒபேக்-2 ஒடுங்கு பண்பு வேறு, கலப்பில் ஒளிந்துகொள்ளும், அது இன்னும் இருக்கிறதா என்று பார்க்க நடுவில் தன்மகரந்தச் சேர்க்கை செய்து ஒரு பருவத்தைக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும்.

மார்க்கர் என்பது ஒரு மரபணு இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ அடையாளம். அது இருந்தால் நாற்றின் ஒரு துண்டு இலை போதும். ஃபை057 என்ற அடையாளம் ஒபேக்-2 மரபணுவுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் ஒளிந்திருக்கும் ஒற்றைப் பிரதியையும் காட்டிக்கொடுத்துவிடும். பூ வருவதற்குள் வேண்டாத செடியைப் பிடுங்கிவிடலாம், மீதிக் குரோமோசோம்களில் பழைய பெற்றோர் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம், இரண்டு சுற்றிலேயே வேலை முடிந்துவிடும். விவேக் 9 ஒட்டு ரகத்தின் இரண்டு பெற்றோரையும் இப்படி மாற்றித்தான் விவேக் க்யூபிஎம் 9 வந்தது. ஆனால் மாற்றி மரபணுக்களுக்கு இந்த மாதிரி ஒற்றை மார்க்கர் கிடையாது. மணியை அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேஜையில் பரப்பி, எவ்வளவு மங்கல், எவ்வளவு வெளிச்சம் விடுகிறது என்று கண்ணால் பார்த்துப் பொறுக்கும் வேலை இன்றும் இருக்கிறது.

ரெண்டு பெற்றோரையும் ஏன் மாத்தணும், ஒண்ணு போதாதா?

போதாது. மேலே சொன்ன ஒடுங்கு பண்புதான் காரணம். மணியின் மாவுப் பகுதிக்குத் தாயிடமிருந்து இரண்டு பிரதி, மகரந்தத்திலிருந்து ஒரு பிரதி என்று மூன்று வரும். மூன்றில் ஒன்று சாதா வகையாக இருந்தாலும் ஸெயின் உற்பத்தி பழையபடி ஓட ஆரம்பித்துவிடும். அதனால் ஒவ்வொரு ஒட்டு ரகத்துக்கும் இரட்டை வேலை.

பக்கத்து வயல்காரர் சாதா சோளம் போட்டிருக்கார். என் சோளம் கெட்டுப்போகுமா?

செடிக்கு ஒன்றும் ஆகாது, கதிரில் சில மணிகள் சாதாவாகிவிடும். பக்கத்து வயல் மகரந்தம் உங்கள் கதிர் நூலில் விழுந்தால் அந்த மணிக்கு ஒரு சாதா பிரதி போய்விட்டது என்று அர்த்தம், முந்தைய பதில் அப்படியே பொருந்தும். மக்காச்சோள மகரந்தம் கனமானது, பெரும்பாலும் ஓர வரிசைகளில்தான் விழும். நாலைந்து ஓர வரிசையைத் தனியாக அறுத்து வைத்துவிட்டு உள்ளே இருப்பதைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டால் போதும், அல்லது விதைப்பை மூன்று வாரம் தள்ளிப் போட்டுப் பூக்கும் நேரம் மோதாமல் பார்த்துக்கொள்ளலாம். விதை உற்பத்திக்கு என்றால் இந்தச் சமாதானம் எடுபடாது, இடைவெளி கறாராக இருக்க வேண்டும்.

மணி நல்ல மஞ்சளா இருக்கு. வைட்டமின் ஏ இருக்குன்னு எடுத்துக்கலாமா?

கூடாது. மஞ்சள் நிறம் பெரும்பாலும் லூட்டின், ஸியாஸாந்தின் என்ற நிறமிகளால் வருவது. கண்ணுக்கு நல்லவைதான், முட்டைக் கருவுக்கு நிறம் கொடுப்பதும் இவைதான், ஆனால் உடம்பு இவற்றை வைட்டமின் ஏ ஆக மாற்றாது. அதற்கு பீட்டா கரோட்டின் வேண்டும். சாதா மஞ்சள் மணியில் வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய நிறமிகள் கிராமுக்கு 1, 2 மைக்ரோகிராம்தான்.

செடி பீட்டா கரோட்டினைத் தயாரிக்காமல் இல்லை, தயாரித்ததை உடனே அடுத்த நிறமியாக மாற்றிவிடுகிறது. அந்த மாற்றத்தைச் செய்யும் சிஆர்டிஆர்பி1 மரபணுவின் வேகம் குறைந்த வடிவம் சில மக்காச்சோள வகைகளில் இயற்கையாகவே இருப்பதை 2010 வாக்கில் கண்டுபிடித்தார்கள். அதைச் சேர்த்ததும் பீட்டா கரோட்டின் தேங்க ஆரம்பித்தது. பூசா விவேக் க்யூபிஎம்9 இம்ப்ரூவ்ட் ரகத்தில் 8.15 மைக்ரோகிராம் வருவது இப்படித்தான். 2020-இல் வந்த பூசா எச்க்யூபிஎம் 7 இம்ப்ரூவ்ட் ரகத்திலும் 7.10 இருக்கிறது.

எட்டு மைக்ரோகிராம்னா அது போதுமா?

தனியாகப் போதாது. 100 கிராம் மணியில் 815 மைக்ரோகிராம், 12-க்கு 1 என்ற வழக்கமான கணக்கில் வைட்டமின் ஏ ஆக மாறுவது 68. வளர்ந்த பெண்ணுக்கு நாளுக்கு 840 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். மக்காச்சோளத்திலிருந்து உடம்பு இதைவிட நன்றாகவே எடுத்துக்கொள்கிறது என்று ஆய்வுகள் காட்டினாலும், கிராமுக்கு 15 மைக்ரோகிராம் என்ற பன்னாட்டு இலக்கை இந்த ரகங்கள் இன்னும் எட்டவில்லை. வீட்டு வாசலில் முருங்கை இருக்கிறவர் கீரையை ஆய்ந்து சமைத்தாலே பல மடங்கு கிடைத்துவிடும், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஜாம்பியா மாதிரி நாளெல்லாம் மக்காச்சோளக் களி சாப்பிடும் நாட்டில்தான் இந்தக் கணக்கு முழுசாகப் பலிக்கிறது. அங்கே ஆரஞ்சு மக்காச்சோளத்தை 2012-லேயே வெளியிட்டுவிட்டார்கள்.

இன்னொன்று, பீட்டா கரோட்டின் நிலைத்து நிற்காது. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் அதற்கு ஆகாது, சில மாதம் சாக்கில் கிடந்தால் பாதி வரை, சில சமயம் அதற்கு மேலேயும் போய்விடும். லைசினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மகசூல் குறையும்ல? உண்மையைச் சொல்லுங்க.

முதல் தலைமுறையில் குறைந்தது, 1971 கதையில் சொன்னேன். இப்போது வருபவை அசல் ஒட்டு ரகத்துக்குச் சமமாக நின்றால்தான் வெளியீட்டுக்கே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எதை மாற்றினார்களோ அதற்குத்தான் சமம். பூசா எச்எம்8 இம்ப்ரூவ்ட் ரகத்துக்கு மூலமான எச்எம்8-ஐ மாற்றும் வேலை முடிவதற்குள் எச்எம்8-ஐவிடக் கூடுதலாக விளையும் தனியார் ரகங்கள் கடைக்கு வந்துவிடுகின்றன. விவசாயி ஒப்பிடுவது பழைய எச்எம்8-ஓடு இல்லை, பக்கத்துக் காட்டில் நிற்கிறதோடு. சத்துச் சோளம் பின்தங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படைப்புழு தாங்குமா?

தாங்காது. 2018-இல் இந்தியாவுக்குள் வந்த அந்தப் புழு குருத்தைத் தின்கிறது, மணியில் என்ன சத்து என்று பார்ப்பதில்லை. மற்ற ரகங்களுக்குச் செய்கிற மேலாண்மைதான் இதற்கும்.

மண்டியில கூட விலை கிடைக்குமா?

கிடைக்காது. வியாபாரி ஈரம் பார்ப்பார், பூஞ்சணம் பார்ப்பார், கையில் அள்ளி உடைசல் பார்ப்பார். லைசினைப் பார்க்க அவரிடம் ஒன்றும் இல்லை. குறைந்தபட்ச ஆதார விலையிலும் க்யூபிஎம்முக்கென்று தனி விலை கிடையாது. ஒரு வண்டி க்யூபிஎம் கொண்டுபோய் இறக்கினாலும் அது சாதாக் குவியலில்தான் போய் விழும், அதற்குப் பிறகு அதைப் பிரிக்க ஆளில்லை.

மணியைக் கெட்டியாக்கினால்தான் விவசாயி எடுப்பார், கெட்டியாக்கியதும் சாதா மணியிலிருந்து வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. இந்த முடிச்சை வளர்ப்பாளர் அவிழ்க்க முடியாது. வாங்குகிறவர் விதையைக் கொடுத்து, ஒப்பந்தம் போட்டு, தனியாகக் கொள்முதல் செய்தால்தான் உண்டு. அப்படி ஒருவர் இல்லாமல் கூடுதல் விலையை நம்பி யாரும் விதைக்காதீர்கள், மகசூலும் வயதும் பிடித்திருந்தால் மட்டும் விதையுங்கள்.

நாங்க தீவனத்துல லைசின் மூட்டை வாங்கிப் போட்டுடறோம், இது எதுக்கு எங்களுக்கு?

நாமக்கல் பக்கம் இதைக் கேட்காதவர் இல்லை. கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு டன் மக்காச்சோளத்தில் 90 கிலோ புரதம். லைசின் 2 சதவீதம் என்றால் 1.8 கிலோ, 4.18 என்றால் 3.76 கிலோ. ஆக டன்னுக்கு ஏறக்குறைய 2 கிலோ லைசின் கூடுதல், கொஞ்சம் டிரிப்டோபேனும் சேர்த்து. இன்றைக்கு அந்த 2 கிலோவை மூட்டையில் வாங்க என்ன ஆகுமோ, ஆலை தரக்கூடிய கூடுதல் விலையின் உச்சம் கிட்டத்தட்ட அதுதான். லைசின் விலை இறங்கும்போது க்யூபிஎம்மின் மதிப்பும் கூடவே இறங்கும்.

கோழித் தீவனத்தில் முதலில் பற்றாமல் போவது மெத்தியோனின் என்ற அமினோ அமிலம், அதை ஒபேக்-2 கூட்டுவதில்லை, அதனால் அந்த மூட்டையை எப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும். பன்றிக்கு முதலில் பற்றாமல் போவதே லைசின் என்பதால் அங்கே லாபம் தெளிவாகத் தெரியும். மூட்டை லைசின் வாங்க வழியில்லாமல் கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கிறவருக்கும் அப்படியே.

யூரியா கூடப் போட்டா புரதம் ஏறுமே, அதுக்கு இந்தப் பாடெல்லாம் எதுக்கு?

ஏறும், ஆனால் சாதா ரகத்தில் ஏறுவது முக்கியமாக ஸெயின். இல்லினாய்க் கதைதான் திரும்பவும். மண் பரிசோதனைப்படி தழைச்சத்து கொடுங்கள், அது மகசூலுக்கு.

க்யூபிஎம் ஒட்டு ரகத்துல அறுத்ததையே விதையா எடுத்து வெச்சா சத்து போயிடுமா?

இது மாணவர்களே தடுமாறுகிற கேள்வி. இரண்டு பெற்றோரிலும் ஒபேக்-2 நிலைத்திருப்பதால் அடுத்த தலைமுறையிலும் அது அப்படியே இருக்கும், வெளி மகரந்தம் விழாமல் இருந்தால். ஆனால் மற்றதெல்லாம் பிரியும். வீரியம் குறைந்து மகசூல் கணிசமாக விழும், செடி உயரம் ஒன்றுபோல் இருக்காது. மாற்றி மரபணுக்களும் பிரிவதால் ஒரே கதிரில் கண்ணாடி மணியும் சுண்ணாம்பு மணியும் கலந்து வரும், கூன்வண்டுக்கு மறுபடி கொண்டாட்டம். ஆக, சத்து நிற்கும், மீதியெல்லாம் போகும். விதையைச் சேமித்தே ஆக வேண்டும் என்கிறவருக்கு ஒட்டு ரகம் சரிப்படாது, கூட்டு ரகம்தான் சரி. கானாவில் 1992-இல் வெளியிட்ட ஒபாட்டன்பா அப்படிப்பட்டது, அதனால்தான் ஆப்பிரிக்காவில் அவ்வளவு பரவியது.

இரும்பு, துத்தநாகம் எல்லாம் ஏன் ஏத்த மாட்டேங்கிறாங்க?

ஏற்றினாலும் மணியிலேயே இருக்கும் பைட்டிக் அமிலம் பிடித்து வைத்துக்கொண்டு உடம்புக்கு விடாது. பைட்டிக் அமிலம் குறைந்த திரிபுகள் மக்காச்சோளத்தில் உண்டு. ஆனால் விதை முளைக்கும்போது பாஸ்பரஸ் வருவது அதிலிருந்துதான், ரொம்பக் குறைத்தால் முளைப்பு அடிவாங்கும். இரும்பும் துத்தநாகமும் ஒபேக்-2 மாதிரி ஒற்றை மரபணுவில் அடங்குவதும் இல்லை, மண்ணைப் பொறுத்தும் மாறும்.

ஸ்வீட் கார்ன் வாங்கிச் சாப்பிட்டா இந்தச் சத்தெல்லாம் கிடைச்சுடுமா?

இனிப்புக்குக் காரணமான மரபணு வேறு, ஒபேக்-2 வேறு. கடையில் வேகவைத்துக் கப்பில் கொடுப்பது பெரும்பாலும் சாதா ஸ்வீட் கார்ன்தான். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் வேலை நடக்கிறது.

சரி, நான் வாங்கின விதை உண்மையிலேயே க்யூபிஎம்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கண்ணால் முடியாது, ஏன் என்று மண்டிக் கேள்வியில் சொல்லிவிட்டேன். முழுக்கக் கெட்டியாகி வெளிச்சம் விடும் மணி, நன்கு மாற்றப்பட்ட க்யூபிஎம்மாகவும் இருக்கலாம், வெறும் சாதாவாகவும் இருக்கலாம். ஆய்வகத்தில் டிரிப்டோபேன் அளவை மட்டும் பார்த்தாலே போதும், அது ஏறினால் லைசினும் கூடவே ஏறியிருக்கும். லைசினைத் தனியாக அளப்பதைவிட இது எளிது, செலவும் குறைவு. மணி மாதிரியைக் கொடுக்கும்போது ஓர வரிசைக் கதிர்களை எடுக்காதீர்கள், வயலின் நடுவிலிருந்து பல கதிர்களில் கலந்து எடுங்கள். புரதத்தில் டிரிப்டோபேன் 0.6 சதவீதத்துக்குக் கீழே வந்தால் விதைச்சீட்டையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு கடைக்காரரிடம் போய்க் கேளுங்கள்.